கேரியரைப் பிடிக்க ஒரு ஆள்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மூத்த ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. தலைப்பு, ‘முதியோரும் கணினியும்’. தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு. சிரிங்க, தப்பில்லை. மூணு வருஷத்துக்கு முன்னால இதே தலைப்பை யாராவது சொல்லியிருந்தா நானும் அந்த வரிசையில உட்கார்ந்துதான் சிரிச்சிருப்பேன்.

எனக்கு இப்போது 64 வயது. என் கதையை 1991-லிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போதுதான் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தார்கள். எனக்கு 30 வயது, ரெண்டு பிள்ளை. பகலில் குவாரியில் ஜல்லி உடைப்பேன். ராத்திரி சோறாக்கிப் போட்டுவிட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் சிலேட்டோடு உட்காருவேன். அந்த வருஷம்தான் என் பெயரை நானே எழுதினேன். அந்த வருஷம்தான் சைக்கிளும் கற்றுக்கொண்டேன்.

சைக்கிள் விஷயம் இங்கே இருக்கிற பெரியவங்களுக்கெல்லாம் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். பொம்பளை சைக்கிள் ஓட்டினா ஊரே கேலி பேசும். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு சுலபமா கிடைக்காது. பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவோம். அப்புறம் அந்தப் பாரும் நல்லதாப் போச்சு, பிள்ளையை அதில் உட்கார வச்சுக்கலாம். ஆயிரக்கணக்கான பெண்கள் நம்ம மாவட்டத்தில் அப்படிக் கற்றுக்கொண்டோம்.

சைக்கிள் கற்றுக்கொடுப்பது எப்படின்னா, பெரிசா ஒண்ணும் இல்லை. பின்னால் ஒரு ஆள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வரணும். அவ்வளவுதான். ஓட்டுகிறவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம் வேணும். அந்த ஆள் எப்போது கையை விட்டாள் என்பது ஓட்டுகிறவளுக்குத் தெரியவே கூடாது. இதை ஞாபகம் வச்சுக்குங்க. பிறகு இதுக்கு வர்றேன்.

எழுத்து படித்தபோது அறிவொளித் தொண்டர்கள் ஒன்று சொல்லுவார்கள்: “கைநாட்டு வைக்காதீங்க, கையெழுத்துப் போடுங்க.” அன்றையிலிருந்து நான் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. இப்போது என்ன ஆச்சு? ரேஷன் கடையில் மெஷின் வைத்திருக்கிறார்கள். மெஷின் கையெழுத்தைக் கேட்கவில்லை, மறுபடியும் கட்டைவிரலைத்தான் கேட்கிறது. ஜல்லி உடைத்த விரலில் ரேகை எங்கே இருக்கு? நாலு தடவை, அஞ்சு தடவை தேய்த்துத் தேய்த்து வைத்தாலும் விழவில்லை. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து மறுபடியும் கைநாட்டுக்காரி ஆகி நின்ற மாதிரி எனக்கு இருந்தது. உலகம் எனக்குத் தெரியாத எழுத்தில் மறுபடி எழுதப்படுகிறது என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது.

ஆனாலும் நான் கற்றுக்கொள்ளவில்லை. 2017-ல் மத்திய அரசின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் வந்தது. 20 மணி நேரப் பயிற்சி, வீட்டுக்கு ஒருவர், 14 முதல் 60 வயது வரை. அப்போது எனக்கு 56. சேர்ந்திருக்கலாம். வீட்டுக்கு ஒருவர் என்றதுமே மருமகளைத்தான் அனுப்பினேன். என்னை யாரும் தடுக்கவில்லை. என்னை நானே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஆசை வந்தபோது எனக்கு 60 தாண்டிவிட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. வாரக் கூட்டம் நின்றுபோனது. 2000-த்தில் ஆரம்பித்த குழு, புயலுக்குக் கூட ஒரு வாரத்துக்கு மேல் கூட்டத்தை விட்டதில்லை. கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, சாய்ந்த மரத்து மேலேயே உட்கார்ந்து கூட்டம் போட்டோம். அந்தக் குழு கலைந்த மாதிரி ஆகிவிட்டது. வயசுப் பெண்கள் ஃபோனிலேயே கூட்டம் நடத்தினார்கள். இருபது வருஷம் ஊக்குநராக இருந்த நான், பேத்தி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். அவளுக்கு விளையாடப் போகணும். “சீக்கிரம் முடி அப்பத்தா” என்பாள். முடித்துக்கொள்வேன்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் வெட்கமான விஷயம். எங்கள் குழுவுக்குத் தெரியும். இந்த மேடையில் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

2022 ஆடி மாசம். எங்கள் குழுவில் 13 பேர். வாரம் 100 ரூபாய் சேமிப்பு. அந்த மாசத்துக்கு நாலு வாரச் சேமிப்பையும் எல்லோரும் காசாகக் கொடுக்காமல், “ஃபோன்ல போட்டுவிடறேன்” என்று என் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள். என் பங்கையும் சேர்த்து 5,200 ரூபாய். திங்கட்கிழமை குழுக் கணக்கில் கட்டலாம் என்று இருந்தேன். குழுப் பணம் ஒரு தனி ஆள் கணக்கில் ஒரு ராத்திரி கூடத் தங்கக் கூடாது என்பது எங்கள் குழு விதி. அதைத் தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதியது நான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஃபோன். நல்ல தமிழ். “அம்மா, மகளிர் குழுவுக்கு அரசாங்க மானியம் வந்திருக்கு. உங்க பேருக்கு 12,000 ரூபாய். இப்ப உங்க ஃபோன்ல ஒரு செய்தி வரும். அதை அமுக்கி உங்க பின் நம்பரைப் போட்டீங்கன்னா பணம் வந்துரும்” என்றான். பேரன்தான் அந்தப் பணம் அனுப்பும் ஆப்பை எனக்குப் போட்டுக் கொடுத்திருந்தான். திரையில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். பச்சையாக ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். நம்பரைப் போட்டேன். வந்தது ஒன்றும் இல்லை. போனது 7,600. குழுப் பணம் 5,200, என் பணம் 2,400.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம் சொன்னால், “உனக்கு எதுக்கு இதெல்லாம்” என்று ஃபோனை வாங்கி வைத்துவிடுவான். குழுவில் சொன்னால் இருபது வருஷப் பெயர் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. திங்கட்கிழமை காலையில் தோட்டைக் கழற்றி அடகு வைத்து, 5,200-ஐ வங்கியில் கட்டினேன். பாஸ்புக்கில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன், தப்பித்தேன். அதற்கு அடுத்த வாரம் மேலத்தெரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தவள், “என்னடி, காது மூளியா இருக்கு?” என்றாள். பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த மேலத்தெரு அக்காவே மெதுவாகச் சொன்னாள், “எனக்கும் போன வருஷம் 3,000 போச்சுடி. ஏடிஎம் கார்டு முடக்கிருவோம்னு சொன்னான், நம்பரைச் சொல்லிட்டேன்.” இன்னொருத்தி, “எனக்கு 900” என்றாள். 13 பேரில் மூன்று பேர். ஒரே திண்ணையில் வாரா வாரம் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருத்திக்கு ஒருத்தி சொல்லவில்லை. திருடினவன் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறான், பறிகொடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கே கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனோம். இங்கே கணக்கு எழுதுகிற பொண்ணு, அதோ நிற்கிறாள், அவளிடம் சொன்னோம். அவள் 1930 என்ற எண்ணுக்குப் போட்டு என் புகாரைப் பதிவு செய்தாள். நான் இத்தனை நாள் தாமதித்ததால் பணம் திரும்பி வரவில்லை. உடனே சொன்னால், அந்தப் பணம் போன கணக்கை முடக்கிப் பார்க்க வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக, திருடன் வேறு வேறு கணக்குக்கு மாற்றி எடுத்துவிடுவான். என் பணத்தைத் திருடன் கொஞ்சம் எடுத்தான் என்றால், என் வெட்கம் மீதியை எடுத்துக்கொண்டது.

“எங்களுக்கு இதைக் கத்துக்குடு” என்று கேட்டோம். அவள் யோசிக்கவே இல்லை. புதன்கிழமை மூணு மணிக்கு வாங்க என்றாள். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 1992-ல் அவள் அம்மாவுக்கு சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினது நான்தான்.

முதல் புதன்கிழமை அவள் கணினியைத் தொடவே விடவில்லை. எல்லோர் ஃபோனையும் வாங்கவும் இல்லை. “உங்க கையிலயே வச்சுக்குங்க. அமைப்புகள் எங்க இருக்குன்னு தேடுங்க, பல் சக்கரம் மாதிரி இருக்கும்” என்றாள். அதற்குள் போய் மொழி என்ற இடத்தில் தமிழைத் தொடச் சொன்னாள். தொட்டதும் ஃபோன் முழுக்கத் தமிழாக மாறியது. பிறகு அந்தப் பணம் அனுப்பும் ஆப்பையும் திறந்து, அதிலும் மொழியை மாற்ற வைத்தாள். நான் அன்றைக்கு அமுக்கின பச்சைப் பொத்தானைப் பார்த்தேன். ‘செலுத்து’ என்று எழுதியிருந்தது.

அக்கா தங்கச்சிகளே, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தையை எனக்குப் படிக்கத் தெரியும். 1991-லேயே படிக்கத் தெரியும். அன்றைக்கு அது தமிழில் இருந்திருந்தால், “பணம் வரும்னு சொல்றான், இங்க செலுத்துன்னு போட்டிருக்கே” என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாமல் பணம் போகவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்தில் ஃபோன் இருக்கலாம் என்பது தெரியாமல் போனது. அதனால் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்க. இன்னொன்றும் மனசில் வையுங்க: பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கொடுக்கிறவன்தான் நம்பர் போடணும். வாங்குகிறவள் போட வேண்டாம்.

அப்புறம்தான் கணினி. மவுஸைப் பிடித்தபோது கை நடுங்கியது. அம்பு ஒரு பக்கம் போகும், என் கண் ஒரு பக்கம் போகும். மேலத்தெரு அக்கா மவுஸைத் திரைக்கு மேலேயே கொண்டுபோய் வைத்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தட்டச்சில் தமிழ்99 என்ற முறையைச் சொல்லிக்கொடுத்தாள். உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப் பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க, அ, பிறகு ம ரெண்டு தடவை, பிறகு ஆ. புள்ளி தானாகவே விழுந்துவிடும். சிலேட்டில் நான் புள்ளி வைக்க மறந்து திட்டு வாங்கின அதே புள்ளி! இப்போது எங்கள் குழுத் தீர்மானத்தை நானே அடிக்கிறேன். என் கையில் இருக்கும் இந்தத் தாளும் நான் அடித்ததுதான். மூணு நாள் ஆச்சு. ஆகட்டுமே.

மூணாவது புதன்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். பிள்ளைகள் அதைப் பாட்டிக் குழு என்கிறார்கள். இப்போது நாலு குழுக்களிலிருந்து 23 பேர் இருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களும் இருப்பதால் எல்லாம் குரல் செய்திதான். மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசணும், விட்டால் போய்விடும். கீழத்தெரு தங்கச்சி ஒரு நாள் அமுக்கிப் பிடித்தபடியே ஆட்டை விரட்டப் போய்விட்டாள். அவள் ஆட்டைத் திட்டின திட்டு 23 வீட்டிலும் கேட்டது.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. சர்க்கரைக்கு ஏதோ இலைச்சாறு என்று ஒரு செய்தியை ஒருத்தி அனுப்ப, அதை நம்பி இன்னொருத்தி மாத்திரையை நிறுத்த, தலை சுற்றி விழ, பெரிய பிரச்சினை ஆனது. அன்றையிலிருந்து, வேறு யாரோ அனுப்பினதை இங்கே அனுப்பக் கூடாது, சொந்த வாயால் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லணும் என்று தீர்மானம் போட்டோம். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள். ஒருத்தி இன்னும் வரவில்லை.

இந்தக் குழுவில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லணும். என்னோடு சைக்கிள் கற்றவள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அவனோடு போய்விட்டாள். ஒரே அறை. மகனும் மருமகளும் காலையில் போனால் ராத்திரிதான் வருவார்கள். பக்கத்து அறையில் இருப்பவர்கள் பேசுவது இந்தி, அவளுக்குப் புரியாது. பகல் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளையும் சேர்த்தோம். தினம் காலையில் அவள் குரல்தான் முதலில் வரும்: “கம்மாய்ல தண்ணி எவ்வளவு கெடக்கு?” யாராவது ஒருத்தி கண்மாய்க்குப் போய் படம் எடுத்துப் போடுவோம். ஐப்பசியில் தண்ணி ஏற ஏற, அவள் குரலிலும் தெம்பு ஏறும். ஊரில் இருக்கும் எங்களுக்கே, அவளுக்குப் படம் எடுக்கப் போய்த்தான் கண்மாயைப் பார்க்கிற பழக்கம் மறுபடி வந்தது.

போன தை மாசம் ஒரு நாள் மத்தியானம் அவளிடமிருந்து குரல் செய்தி. குரலே வரவில்லை. “போலீசாம்டி. என் ஆதார் கார்டை வச்சுக் கடத்தல் பண்ணியிருக்காங்களாம். கேஸ் இருக்காம். பத்து நிமிஷத்துல வீடியோல வருவாங்களாம். யாருக்கும் சொல்லக் கூடாதாம்” என்றாள்.

அவள் கணக்கில் 40,000 ரூபாய் இருந்தது. தன் சாவுச் செலவுக்குப் பிள்ளை கடன் வாங்கக் கூடாது என்று, நூறும் இருநூறுமாகச் சேர்த்த பணம்.

நாலு பேர் ஒரே நேரத்தில் அவளைக் கூப்பிட்டோம். எனக்குத்தான் கிடைத்தது. “எடுக்காதே. வீடியோவில் கைது பண்ற சட்டமே நம்ம நாட்டுல கெடையாது. போலீஸ் ஃபோன்ல பணம் கேட்காது” என்றேன். “நெசமாவா?” என்றாள். “நெசமாத்தான். என் தோட்டைக் கேளு” என்றேன். அவளுக்கு என் கதை தெரியும், சிரித்துவிட்டாள். அவன் ஆறு தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. மகன் வந்ததும் அந்த எண்ணை 1930-ல் சொன்னார்கள். பணம் பத்திரமாக இருக்கிறது.

யாருக்கும் சொல்லாதே என்று அவன் சொன்னான் பாருங்க, அதுதான் அவன் தொழிலுக்கு மூலதனம். எனக்கு அதை யாரும் சொல்லவே இல்லை, நானாகவே வாயை மூடிக்கொண்டேன். அவள் பத்து நிமிஷத்தில் சொன்னாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று இல்லை. எழுத்து என்னைவிடக் கம்மியாகத்தான் தெரியும். சொன்னால் திட்டாத 22 பேர் அவள் கையில் இருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள். ஒன்று, குழுச் சேமிப்பு குழுக் கணக்குக்கே போகட்டும், ஊக்குநர் கணக்குக்கு வேண்டாம். நான் பட்டதே போதும். ரெண்டு, புதன்கிழமை ஒரு மணி நேரம் அலுவலகக் கணினியை வயசானவர்களுக்கு என்று தீர்மானத்தில் எழுதி ஒதுக்குங்க. இப்போது அந்தப் பொண்ணு தன் சாப்பாட்டு நேரத்தைத்தான் எங்களுக்குக் கொடுக்கிறாள். மூணு, மாசத்தில் ஒரு கூட்டத்தில், “இந்த மாசம் யாருக்கு என்ன ஃபோன் வந்தது” என்று கேளுங்க. சேமிப்பு, கடன் எழுதுகிற மாதிரி அதையும் எழுதுங்க.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. அம்மாவோ அப்பத்தாவோ ஃபோனை நீட்டினால், “குடு, நான் பண்றேன்” என்று பிடுங்காதீங்க. உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை, தெரியும். ஆனா ஹேண்டில் பாரை நீங்க பிடிச்சிட்டா நாங்க எப்போ ஓட்டுறது? பின்னால் வந்து கேரியரைப் பிடிங்க. கொஞ்ச தூரம் ஓடி வாங்க. எப்ப விட்டீங்கன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாம்.

ஆமா, தோட்டைப் பத்திப் பின்வரிசையில் யாரோ கேக்கறாங்க. அடுத்த பொங்கலுக்கு முன்னாடியே மீட்டுட்டேன். இதோ, காதில்தான் இருக்கு.

புதன்கிழமை மூணு மணி. ஃபோனை மறந்தாலும் கண்ணாடியை மறக்காதீங்க.